ஒரு பக்கத்துக்கு ஒரு படம்

(நம் குடியிருப்போர் கூட்டத்தில் பேசியது)

அப்பாவோடு கடைசியாகக் குற்றால சீசனுக்குப் போனபோது எடுத்த படங்களை வைத்து, கம்ப்யூட்டரில் ஒரு ஆல்பம் செய்தேன். ஐந்தருவி, பேரருவி, தென்காசிக் கோபுரம் என்று ஒரே பக்கத்தில் 12 படங்கள். பார்த்துவிட்டு அம்மா கேட்டார்கள்: "இதுல உங்க அப்பாவ எங்கடா?"

அப்பா அதில் இருந்தார். ஆனால் கண்ணில் படவில்லை. நம் கண் முதலில் வெளிச்சமான இடத்துக்குத்தான் போகும். அருவிப் படத்தில் வெள்ளைத் தண்ணீர்தான் பளிச்சென்று தெரியும், முகம் இருட்டடித்துவிடும்.

மறுபடி செய்தேன். அப்பா படத்தில் அருவியைப் பாதி வெட்டிவிட்டு, முகத்துக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன். படத்தை அரைப் பக்க அளவுக்குப் பெரிதாக்கி, சுற்றிலும் வெற்றிடம் விட்டேன். அவர் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் படத்தை இடது ஓரம் வைத்தேன். பார்வை பக்கத்துக்கு உள்ளே வந்தது. வேறு மூன்று படங்களை மட்டும் சிறிதாக்கி, நிறத்தைக் குறைத்துக் கீழே வைத்தேன். மீதியெல்லாம் அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போய்விட்டன.

இப்போது அம்மா அந்தப் பக்கத்தைத் திறந்தால் சீக்கிரம் மூடுவதில்லை.

நீங்களும் படங்களை அடுக்குவதற்கு முன்னால், இந்தப் பக்கம் யாருக்காக என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் படத்தை முதலில் வையுங்கள்.