சோதனைப் பலகை

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் தஞ்சாவூர் ஓவியம் போடுகிறவள். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடியும் கோந்தும் கலந்து பூசித் தேய்த்து, படம் வரைவோம். நகையும் மண்டபமும் புடைத்து நிற்க மக்கு வைப்போம். பிறகு கல், தங்கத்தாள். வண்ணம் கடைசியில்தான். இந்த வரிசை ஏன் என்று நான் கேட்டதே இல்லை.

போன வருஷம் அக்ரிலிக் வண்ணம் வாங்கினேன். சீக்கிரம் காயும், காய்ந்த பிறகு தண்ணீர் பட்டாலும் கரையாது. பழைய பட்டுச் சேலையின் ஜரிகைக் கரையையும் ஒட்டிப் புது மாதிரி பண்ணலாம்னு ஆசை. குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் வாங்கி, ஒரேயடியாக ஆறு படம் ஆரம்பித்தேன். பலகை முழுக்க முதலில் அக்ரிலிக் அடித்து, அதன்மேல் மக்கு வைத்தேன். பார்க்க அழகா இருந்தது. ஒரே மாதத்தில் மக்கு பொருக்குப் பொருக்காக உரிந்தது. வாங்கிய இரண்டு பேர் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் தோல் மாதிரி. கோந்து மக்கு பிடிக்க, ஈரம் உறிஞ்சும் தளம் வேணும். பழைய வரிசையின் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

குழுக் கூட்டத்தில் மறைக்காமல் சொல்லித் தவணை கேட்டேன். ஒரு அக்கா கேட்டாங்க: "இட்லி மாவுன்னாலும் ஒரு ஈடு ஊத்திப் பார்க்க மாட்டியா? ஆறையும் ஏன் ஒண்ணாப் போட்ட?" பதில் இல்லை. தவணை கொடுத்தாங்க.

அதுக்கப்புறம் கையகலப் பலகைகளில் செய்து பார்த்தேன். மக்கும் தங்கத்தாளும் முதலில், அக்ரிலிக் கடைசியில் என்றால் நிற்கிறது. அக்ரிலிக் மேலேயே மக்கு வேண்டுமானால், உப்புத்தாளால் தேய்த்து, கோந்துக்குப் பதில் ஃபெவிகால் கலந்தால் பிடிக்கிறது. ஜரிகையை ஓரம் மடித்து ஒட்டினால் பிரியவில்லை.

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கு. அதனால் என் புதுப் படங்களின் பின்னால் எந்த வண்ணம், எந்தத் தாள், எந்தத் துணி என்று எழுதித்தான் விற்கிறேன். வாங்குகிறவர் தெரிந்து வாங்கட்டும்.

கடன் போன மாதம் முடிந்தது. புதுசா எதையும் தொடங்குகிறவங்க, குழுப் பணத்தில் கை வைக்கும் முன்னால் சின்னதா ஒண்ணு செய்து, ஒரு மாதம் வைத்துப் பாருங்க. என் சோதனைப் பலகைகள் வாசல் மேஜையில் இருக்கு. உரிந்ததும் இருக்கு. தொட்டுப் பாருங்க.