சுமைதாங்கிக் கல்லும் சக்கரமும்

(சேவுகம்பட்டியில் ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மனிதர்களின் போக்குவரத்து எப்படித் தொடங்கி வளர்ந்தது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் வகுப்பறைச் சுவரில் தொங்கும் விளக்கப்படம் எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்தில் தலையில் மூட்டையோடு ஒரு மனிதர். அடுத்ததில் கழுதை அல்லது குதிரை. பிறகு மாட்டுவண்டி, ரயில், கார், விமானம். நடுநடுவே அம்புக்குறிகள். மனப்பாடம் செய்ய வசதியான படம்தான். ஆனால் நம் பகுதியில் நின்று அதைப் பார்த்தால் எங்கேயோ இடிக்கிறது.

மலையடிவாரப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றியபோது ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "சார், எங்கப்பா குதிரையிலதான் வாழைத்தார் இறக்குறாரு. அப்ப அவரு பழங்காலத்து ஆளா?" பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

அவனுக்கு ஆறுதல் சொல்வது எளிது. வரலாறே அவனுக்கு என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்ப்போம்.

சக்கரத்திலிருந்து தொடங்கலாம். இன்றைய போலந்து நாட்டில் புரோனோசிட்சே என்ற ஊரில் கிடைத்த மண்பாண்டம் ஒன்றில் நான்கு சக்கர வண்டி போன்ற உருவம் கீறப்பட்டிருக்கிறது. காலம் கி.மு. 3500ஐ ஒட்டியது. ஸ்லோவேனியாவின் சதுப்பு நிலத்தில் 5000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரச் சக்கரம் ஒன்று அச்சோடு கிடைத்தது. நம் நாட்டில் ஹரப்பா நாகரிகத்தின் சுடுமண் பொம்மை வண்டிகள் இருக்கின்றன. மகாராட்டிரத்தில் தைமாபாத் என்னும் ஊரில் 1974இல் கிடைத்த வெண்கலத் தேரில் இரண்டு காளைகள் பூட்டியிருக்கின்றன.

இதெல்லாம் புத்தகங்களில் உள்ளதுதான். புத்தகங்கள் அவ்வளவாகப் பேசாத செய்தி வேறொன்று உண்டு. தென்னமெரிக்காவில் இன்கா மக்கள் ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலைகள் அமைத்தார்கள். அவற்றில் ஒரு வண்டிகூட ஓடவில்லை. மனிதர்களும் லாமாக்களும் சுமந்தே ஒரு பேரரசு நடந்தது. செங்குத்தான ஆண்டிஸ் மலையில் படிக்கட்டு வைத்த பாதையில் வண்டி எப்படி ஏறும்? மெக்சிகோவிலோ, சக்கரம் வைத்த மண் பொம்மைகள் பழங்காலத்திலேயே இருந்தன. சக்கரம் தெரியாமல் இல்லை. இழுக்க மாடும் குதிரையும்தான் அங்கே இல்லை. மேற்கு ஆசியா இன்னும் வேடிக்கை. வண்டிக்குப் பழகிய அந்த நாடுகள், ஒட்டகத்தில் பொதி ஏற்றுவது மலிவு என்று கண்டதும் பல நூற்றாண்டுகளுக்கு வண்டியையே கைவிட்டன. நம் படத்தின் அம்புக்குறி அங்கே பின்னோக்கிப் போயிருக்கிறது.

நம் சங்க இலக்கியத்துக்கு வருவோம். உப்பு விற்ற உமணர்கள் மாட்டுவண்டிச் சாத்தாகப் போனார்கள். பாதிவழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று, வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். இன்றைய லாரிக்காரர் ஸ்டெப்னி என்கிறாரே, அதே முன்னெச்சரிக்கைதான். ஆனால் மிளகு எப்படிப் போனது? பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி கழுதையின் முதுகில் போகிறது. உப்பு வண்டிகளும் அதே நூலில் வருகின்றன. ஆக, ஒரே காலத்தில் இரண்டும் இருந்தன. உப்பு கனமான பொருள், விலை குறைவு. நிறைய ஏற்றினால்தான் கட்டுப்படியாகும். மிளகு குறைந்த எடைக்கு அதிக விலை தரும். மலையிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும். எந்தப் பொருள், எந்தத் தரை என்பதைப் பார்த்துத்தான் வாகனத்தைத் தேர்ந்தார்கள்.

குதிரைக்கும் நம் மாவட்டத்திலேயே பழைய சான்று இருக்கிறது. பழனிக்கு அருகே பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழாய்வில், ஈமச்சின்னம் ஒன்றில் வைத்திருந்த பானையில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் கிடைத்தது. அதன் காலம் கி.மு. 490 என்று ஆய்வகம் கணித்தது. நெல்லைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டோம். அதே இடத்தில் இரும்பு அங்கவடிகளும் கிடைத்தன. குதிரையில் ஏறுபவர் கால் வைக்கும் வளையங்கள். இந்த மலையடிவாரத்தின் குதிரைக்கு எவ்வளவு பழைய ஊர்க்காரன் என்ற தகுதி இருக்கிறது பாருங்கள்!

இப்போது இன்னும் பக்கத்தில் வருவோம். 1875இல் திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயில் பாதை வந்தது. கொடைக்கானலுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்கினார்கள். அந்த நிலையத்துக்கு இன்றும் கொடைக்கானல் ரோடு என்றுதான் பெயர். அங்கிருந்து மாட்டுவண்டியில் வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளம் பக்கம் போய் மலையடிவாரத்தை அடைந்தார்கள். மலையில் குதிரை ஏறும் பாதைதான் இருந்தது. குதிரையில் ஏற முடிந்தவர்கள் ஏறினார்கள். மற்றவர்களை நாற்காலியில் உட்காரவைத்து நம் ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். 1910களின் நடுவில் மோட்டார் சாலை வரும்வரை இதுதான் வழி. ஒரே பயணத்தில் முதலில் ரயில், அடுத்து மாட்டுவண்டி, பிறகு குதிரை, கடைசியில் மனிதத் தோள்! நம் விளக்கப்படத்தை வலமிருந்து இடமாகப் படித்த மாதிரி இருக்கிறது.

இன்றைக்கும் சிறுமலையில் தோட்டத்துக் காய்கனிகளைச் சாலைக்கு இறக்கக் குதிரைகள் இருக்கின்றன. நம் மாவட்டத்துச் சாலையில்லாத மலைக்கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரம் குதிரை முதுகில் போகும் படத்தைத் தேர்தல்தோறும் நாளிதழில் பார்க்கிறோம். தேர்தல் பணிக்காக அதன் பின்னால் மூச்சிரைக்க நடந்த ஆசிரியர்கள் இந்த அரங்கில்கூட இருக்கலாம். நோயாளியை டோலி கட்டித் தூக்கிவரும் செய்தியும் வருகிறது. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அது வேதனை. ஆனால் அந்த மக்கள் பழங்காலத்தில் வாழ்வதால் டோலி தூக்கவில்லை. சாலை இன்னும் வந்து சேராததால் தூக்குகிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லாவிட்டால் படம் அவர்களுக்குத் தவறான பாடத்தை நடத்திவிடும்.

விளக்கப்படத்தில் முதல் கட்டத்தில் நிற்கிறாரே தலைச்சுமைக்காரர், அவரைப் பற்றிச் சற்று அதிகமாகவே பேச விரும்புகிறேன். வண்டிக்குத் தச்சர் வேண்டும், கொல்லர் வேண்டும் என்கிறோம். தலைச்சுமைக்கு ஒன்றும் வேண்டாம் என்று நினைக்கிறோம். சும்மாடு எதற்கு? சுமையின் எடை உச்சந்தலையில் ஒரே புள்ளியில் அழுத்தாமல் பரவுவதற்கு. எட்டாம் வகுப்பில் அழுத்தம் நடத்தும் அறிவியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சரி, தலையில் ஏற்றியாயிற்று. வழியில் களைப்பாக இருக்கிறது. தனியாக வருகிறவர் சுமையை எப்படி இறக்குவார்? இறக்கினாலும் மறுபடி தூக்கிவிட ஆள் வேண்டுமே!

இதற்கு நம் முன்னோர் கண்ட விடைதான் சுமைதாங்கிக் கல். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். நிற்பவர் குனியாமல், பிறர் உதவியில்லாமல் சுமையை அதன்மேல் நகர்த்திவிடலாம்; இளைப்பாறிய பின் அப்படியே தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். மனித உடலை அளந்து செய்த பொறியியல் இது. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நட்டுவைக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. சுமையை இறக்காமலே போனவளின் பாரம் இதனால் இறங்கும் என்ற நம்பிக்கை. சிலவற்றில் பெயரும் ஆண்டும் வெட்டியிருப்பார்கள். அரசர் பெயர் இல்லாமல், சாதாரண வீட்டுப் பெண்ணின் பெயர் கல்லில் ஏறிய இடங்கள் நமக்கு வேறு எத்தனை இருக்கின்றன?

இந்தச் சேவுகம்பட்டியில் தை மாதத்தில் வாழைப்பழம் சூறைவிடும் திருவிழா நடக்கிறது. கூடை கூடையாகப் பழம் சுமந்து வருகிறார்கள். மினி லாரி இல்லாத ஊரா இது? சுமப்பதே நேர்த்தி என்பதால் சுமக்கிறார்கள். நம் மாணவர்கள் ஆண்டுதோறும் பார்க்கும் காட்சி. போக்குவரத்துப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்: கூடை எவ்வளவு எடை, கழுத்து எப்படி நிற்கிறது, நடை ஏன் மாறுகிறது என்று.

ஆகவே விளக்கப்படத்தைக் கழற்ற வேண்டாம். அம்புக்குறிகளை மட்டும் ஒரு வகுப்புக்கு மறைத்துவிட்டு, ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். எந்தத் தரையில் போகும்? எதைச் சுமக்கும்? உன் வீட்டில் இதைச் செய்தவர், செய்கிறவர் யார்? மூன்றாவது கேள்விக்கு வரும் விடைகளை எழுத நோட்டில் கூடுதல் இடம் விடச் சொல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். சாலையை அகலப்படுத்த இயந்திரம் வந்தால், ஓரத்தில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லுக்குக் குரல் கொடுக்க ஆள் இருக்காது. உங்கள் பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒன்று இருந்தால், பிள்ளைகளோடு ஒரு அளவுநாடாவும் நோட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். உயரத்தை அளந்து, எழுத்து இருந்தால் படியெடுத்து, அது யார் நினைவாக நட்டது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டு எழுதிவாருங்கள். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு பேசுவோம்.