தபாலட்டையும் பசையும்

(மன்றக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. கையகலமுள்ள ஒரு தபாலட்டை. இதைப் பற்றிப் பேசவும் ஒரு கூட்டமா என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், நமது வாவிக் கரையூர்களிலே எத்தனையோ வீடுகளில், மறைந்த தாத்தாவின் கையெழுத்தென்று எஞ்சியிருப்பது அப்படியான ஓரட்டைதான். 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாளிரவு வீசிய சூறாவளி கூரைகளையும் பெட்டகங்களையும் ஒன்றாகச் சிதறடித்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் பெருகிக் கல்லடி, நாவலடிக் கரைகளில் வீடுகளையே வாரிச் சென்றது. இவற்றின் நடுவே போர்க்காலத்து இடப்பெயர்வுகள் வேறு. இத்தனைக்கும் தப்பி வந்த ஓர் அட்டை, அன்பு மிகுதியால் நாமே பூசும் பசையினால் அழிந்துபோகுமாயின் அதனை என்னென்பது! அழகு செய்ய வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அட்டையின் மேல் எதையும் ஒட்டாது அழகு செய்யலாம் என்பதே நாம் சொல்ல வந்தது.

முதற் தபாலட்டை 1869 அக்டோபர் 1 ஆம் நாள் ஆஸ்திரிய-ஹங்கேரி நாட்டில் வெளிவந்தது. இலங்கைக்கு அது 1872 இல் வந்துவிட்டது. பின்னர் படத் தபாலட்டைகள் வந்தன. 1890 இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனம் இலங்கைக் காட்சிகளை அட்டைகளாக்கி உலகெங்கும் பரப்பிற்று. படமுள்ள பக்கத்தை எல்லோரும் போற்றுகிறோம். ஆனால் எழுதியவரின் கை, முத்திரை குத்திய நாள், அனுப்பிய ஊர், பெற்றவரின் விலாசம் ஆகிய யாவும் மறுபக்கத்தில் அல்லவா இருக்கின்றன? அட்டையை அல்பத்தில் ஒட்டும்போது, முகத்தைக் காட்டுவதற்காக வாயை அடைத்துவிடுகிறோம்.

கடிதங்களின் பெறுமதியை நமக்கு உணர்த்தியவர் உ. வே. சாமிநாதையர். தமக்கு வந்த கடிதங்களை அவர் பேணி வைத்தார். அவற்றுள்ளே நமது நாட்டுச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை எழுதியவையும் உள. பழந்தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாற்றை அறிய அவை இன்று பெருந்துணையாகின்றன. சென்னையில் அவர் பெயரால் விளங்கும் நூல்நிலையத்தில் காக்கப்பெற்ற அக்கடிதங்கள் 'உ.வே.சா. கடிதக் கருவூலம்' என நூலுருவும் பெற்றுள்ளன. எழுதியபோது அவை சாதாரணக் கடிதங்கள்தாம், பேணியபடியால் கருவூலமாயின.

இனிப் பசையின் குணத்தைப் பார்ப்போம். நமது பாட்டன்மார் நறுவிலிப் பழத்தையும் கோதுமைமாக் கூழையும் பசையாகக் கொண்டனர். மாப்பசை நீரில் இளகும். ஆதலின் தேர்ந்தவர் கையில் அதனைப் பிரித்தெடுக்கவும் கூடும். ஆனால் அதுவே கரப்பானுக்கும் புத்தகப்பூச்சிக்கும் விருந்து. ஈரம் பட்டாற் பூஞ்சணமும் பிடிக்கும். இக்காலத்து வெள்ளைப் பசையோ காய்ந்தபின் எளிதில் விடாது. பிரித்தால் அட்டையின் தோலும் கூடவே உரிந்து வரும்.

எல்லாவற்றிலும் பொல்லாதது செலோரேப். 1930 இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ட்றூ என்பவர் ஆக்கிய அந்த நாடா, கிழிந்ததை ஒரு நொடியில் ஒட்டிவிடும். ஆண்டுகள் செல்ல, அதன் பசை காற்றோடு கூடி மஞ்சளாகிப் பின் பழுப்பாகிக் காகிதத்தினுள்ளே ஊறும். மேலுள்ள நாடா தானே கழன்று விழுந்தாலும் கறை போகாது. 1947 இல் வெளிப்பட்ட சாக்கடற் சுருள்கள் ஈராயிரம் ஆண்டுகள் குகையிலே கிடந்தவை. 1950களில் எருசலேமில் அறிஞர்கள் அவற்றின் துண்டுகளை இத்தகைய நாடாவினால் பொருத்தினர். பசை ஊறித் தோற்சுருள்கள் கறுத்தன. 1991 முதல் அதற்கென ஒரு கூடம் அமைத்து, அப்பசையைச் சிறிது சிறிதாக அகற்றி வருகிறார்கள். பெரும் அறிஞருக்கே இவ்வாறாயின், நாம் எம்மாத்திரம்!

நமது காற்றும் இதற்குத் துணைபோகிறது. வாடைக் காலத்தில் வாவியும் கடலும் சேர்ந்து வீட்டை ஈரமாக்கும். காகிதம் ஈரமுண்டு விரியும். கச்சான் வீசும்போது காய்ந்து சுருங்கும். பசை பூசிய பக்கம் மற்றப் பக்கத்தைப்போல அசையாது. ஆகவே அட்டை வளையும். வளைந்து வளைந்து ஈற்றில் வெடிக்கும். பக்கமெல்லாம் பசைக்கோடிட்டு, மேலே கண்ணாடித்தாள் மூடிய அல்பங்கள் ஒரு காலத்தில் வீடுதோறும் இருந்தன. அவற்றிற் சிக்கிய அட்டைகளின் கதியும் இதுவே.

அலங்காரத்துக்கு ஒட்டும் மினுக்கத்தூளும் ஜிகினாவும் உதிர்ந்து, அடுத்த அட்டையின் முகத்தைக் கீறும். அட்டையை மட்டுமா? 1907 இல் அமெரிக்கத் தபாற் பகுதியினர், மினுக்கத்தூள் ஒட்டிய அட்டைகளை உறையிலிட்டே அனுப்பவேண்டுமென விதித்தனர். அத்தூள் தபாலூழியர் கைகளையும் காயப்படுத்தியது.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? நமது ஏட்டுச்சுவடிகளே வழிகாட்டுகின்றன. ஓலையிலே துளையிட்டுக் கயிறு கோத்துச் சட்டமிட்டுக் கட்டினார்கள், பசை தொடவில்லை. வேண்டும்போது அவிழ்க்கலாம், மீண்டும் கட்டலாம். அட்டைக்கும் அவ்வாறே செய்வோம். தடித்த தாளொன்றில் நான்கு காகித மூலைகளை ஒட்டி, அவற்றுள் அட்டையைச் செருகுவோம். பூவும் சரிகையும் அத்தாளின் ஓரத்தை அலங்கரிக்கட்டும். பொலியெஸ்டர் உறை கிடைத்தால் நன்று. வாசம் வீசும் பீ.வீ.சீ. உறை ஆகாது. சூடேற்றி 'லமினேட்' செய்வது மீளா வழி. குறிப்பெழுத வேண்டுமாயின் பென்சிலால் மெதுவாக எழுதுவோம். பெட்டியைத் தரையிலும் ஈரச் சுவரோரத்திலும் வையாது உயரத்தில் வைத்து, ஏடுகளை எடுத்துத் துடைக்கும் நவராத்திரியின்போது ஆண்டுக்கொருமுறை திறந்து பார்ப்போம்.

ஏற்கெனவே ஒட்டியிருப்பதை இழுக்கலாகாது. அப்படியே விட்டு, இருபக்கமும் தெரியுமாயின் இருபக்கமும் படமெடுத்து வைப்போம். வெள்ளத்தில் நனைந்தவற்றை வெயிலில் போடாது, நிழலில், அச்சில்லாத வெள்ளைத்தாள் மேல் பரப்பிக் காற்றில் உலர்த்துவோம். ஒன்றோடொன்று ஒட்டியவற்றைப் பலவந்தமாகப் பிரியாதிருப்போம்.

தம்பிமாரே, தங்கைமாரே, மன்றத்து இளைஞர்க்கு இதிலே ஒரு பணி உண்டு. வீடு வீடாகச் சென்று அட்டைகளைக் கேட்டு வாங்கி வருதல் வேண்டாம். உரிய வீட்டிலேயே அவை இருக்கட்டும். இருபக்கமும் படமெடுத்து, எழுதியவர் யார், பெற்றவர் யார் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டுக் குறித்து வாருங்கள். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகம் ஈழத்து எழுத்துகளை இவ்வாறே படமாக்கிக் காத்து வருகிறது. அட்டை இன்னும் நூறாண்டு நிற்கலாம். அதிலுள்ள பெயரைக் கண்டு "இவர் நம் அம்மம்மாவின் தமையன்" என்று சொல்லத்தக்கவர் அத்தனை காலம் நம்மோடு இருக்கப்போவதில்லை. ஆதலின், வருகின்ற வாடைக்கு முன்னரே இப்பணியைத் தொடங்குவோமாக.