அரை மில்லிகிராம்

மூலனூர் மண்ணின் விவசாயச் சொந்தங்களே!

மூலிகையின் மகிமையைப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். பேசுகிறேன். நம் மாநில மலர் எது? உரக்கச் சொல்லுங்கள்! செங்காந்தள்! புத்தகத்தில் செங்காந்தள், உங்கள் காட்டில் கண்வலிக்கிழங்கு. விடிந்தும் விடியாத நேரத்தில் முள்கிளுவைச் செடிகளுக்கு நடுவே குனிந்து நிற்கிறார்களே நம் பெண்கள், அவர்களுக்குத் தெரியும் அந்தப் பூவின் குணம். மகரந்தம் ஒரு பக்கம் இருக்க, சூல்தண்டு வெடுக்கென்று மறுபக்கம் வளைந்துகொள்ளும். பூவுக்குப் பூ கையால் மகரந்தத்தைத் தொட்டு வைத்தால்தான் காய் பிடிக்கும். அந்த வாரம் பார்த்து மழை கொட்டினால் அத்தனையும் போச்சு! அப்படி விளைந்த விதை கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போகிறது. போய் என்னவாகிறது?

கோல்கிசின் ஆகிறது. கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறதே, அந்த கவுட் நோய்க்கு மருந்து. 2023-இல் அமெரிக்காவில் மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் அதற்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். நம் காட்டு விதையில் இருக்கிற சத்து ஐயா அது! தட்டுங்கள் கையை!

தட்டியாயிற்றா? இப்போது கேளுங்கள். அந்த மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். ஒரே ஒரு கிராமை எடுத்து 2,000 மாத்திரை போடலாம். அளவு மிஞ்சிப் போனால் அதே கோல்கிசின் ஆளைக் கொல்லும். உடம்பில் செல் பிரிந்து பெருகுவதையே அது நிறுத்திவிடுகிறது. முதலில் வாந்தி, பேதி. ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் நினைப்பார்கள். அடுத்தடுத்த நாளில் சிறுநீரகம், இதயம், எலும்பு மஜ்ஜை என்று வரிசையாகக் கை வைக்கும். பிழைத்தவர்களுக்கும் தலைமுடி கொட்டும். வேகவைத்தால் விஷம் போய்விடும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள் தாயே, போகாது!

எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே பிடிக்காது. கண்வலிக்கிழங்கைத் தனிப் பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்திருப்பார். சுத்தி செய்யாத சரக்கை யார் கையிலும் கொடுத்தவரில்லை. நாடி பிடிக்கும் முன்னாலேயே, "ஆஸ்பத்திரியில என்ன மாத்திரை சாப்பிடறீங்க கண்ணு?" என்று கேட்பார். அது வைத்தியம்! இன்றைக்குச் செல்போனில் தோன்றுகிறார்களே சில மகான்கள், "இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது" என்று! ஒன்றும் பண்ணாதென்றால் அது நோயை மட்டும் எப்படி ஐயா தீர்க்கும்? நோயைத் தீர்க்கிற வீரியம் இருக்கிற சரக்குக்கு ஆளைச் சாய்க்கிற வீரியமும் இருக்கும். அரளி விதைக்கு இயற்கை என்று பெயரில்லையா?

நித்தியகல்யாணி கதை சொல்லட்டுமா? சுடுகாட்டு மல்லி என்கிறோமே, அதுதான். ஜமைக்காத் தீவில் சர்க்கரை நோய்க்கு அந்த இலையைப் போட்டுக் குடித்தார்கள். 1952-இல் அங்கிருந்து 25 இலை கனடாவிலிருந்த ஒரு டாக்டருக்கு வந்தது. அதை அவர் தம்முடைய தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். சாறெடுத்து எலிக்குக் கொடுத்தார்கள், முயலுக்குக் கொடுத்தார்கள். சர்க்கரை குறையவில்லை! வெள்ளணுக்கள்தான் மளமளவென்று குறைந்தன. வேறொருவராக இருந்தால் இலையைக் குப்பையில் வீசியிருப்பார். வெள்ளணு எக்கச்சக்கமாகப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய் என்று அவர்கள் யோசித்தார்கள். பிரித்தெடுத்தார்கள் வின்பிளாஸ்டினை! அதே செடியிலிருந்து இன்னொரு குழு வின்கிரிஸ்டினை எடுத்தது. 1963-இல் மருந்தாக அனுமதியானது. இன்றைக்கும் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஏற்றுகிற மருந்து அது. எத்தனை தாய்மாரின் மடியை நிறைத்திருக்கிறது அந்தச் சுடுகாட்டுப் பூ!

அதே பூவை நாலு பறித்துக் கொதிக்கவைத்து, சர்க்கரைக்கு என்று தினம் காலையில் குடிக்கிறார்கள் நம் வீடுகளில். டாக்டர் ஊசியில் சொட்டுக் கணக்காக ஏற்றி, ரத்தத்தைச் சோதித்துச் சோதித்துக் கொடுக்கிற சரக்கு இருக்கிற செடி அது அம்மா! நரம்பைக் கெடுக்கும், வெள்ளணுவைக் குறைக்கும். அந்த வைத்தியர் இருந்திருந்தால் டம்ளரைத் தட்டிவிட்டிருப்பார்.

இதைச் சொன்னால், நாட்டு மருந்துக்கு எதிரி என்று எனக்குப் பட்டம் கட்டுகிறார்கள். கட்டட்டும்! பூட்டி வைத்த அந்தப் பெரியவர்தான் நாட்டு மருந்து. பாக்கெட் போட்டு, அளவும் எழுதாமல், எச்சரிக்கையும் எழுதாமல் விற்கிறவன் வியாபாரி!

வியாபாரி என்றதும் வயிறு எரிகிறது. விதைக்கு விலை வைப்பது யார்? நீங்களா? ஒரு வருஷம் ஏற்றுகிறான், மறுவருஷம் பாதிக்கு இறக்கிக் கேட்கிறான். மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் நெல் இருக்கிறது, பருத்தி இருக்கிறது. மாநில மலர் இல்லை!

ஆகவே இரண்டு தீர்மானம். ஒன்று, கண்வலி விதைக்கு அரசே விலை நிர்ணயிக்க வேண்டும். இரண்டு, விதையும் கிழங்கும் வைத்திருக்கிற ஒவ்வொரு கிடங்கிலும் வீட்டிலும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, பூட்டுப் போட்டு, "விஷம்" என்று பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். தப்பித்தவறி யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், மீதிக் கிழங்கையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். ஆதரிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். பின்வரிசை, உங்களையும்தான்!