நானூறு வருஷத் தோட்டமும் எவர்சில்வர் தொட்டியும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்ன தலைப்பு?" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "ஒரு பிரெஞ்சுத் திராட்சை மது" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பயப்பட வேண்டாம். நான் குடிப்பவனும் அல்ல, யாரையும் குடிக்கச் சொல்ல வந்தவனும் அல்ல. அதன் ருசியைப் பற்றிப் பேச எனக்கு அருகதை கிடையாது. ஆனால் அது நொதிக்கிற தொட்டியைப் பற்றிப் பேசலாம். எவர்சில்வர் தொட்டி செய்வதுதான் என் பிழைப்பு.

அந்தச் சிவப்பு மதுவின் பெயர் ஷாத்தோ ஓ பிரியோன். தென்மேற்குப் பிரான்சில், போர்தோ நகரை ஒட்டிய பெசாக் என்ற ஊரில் இருக்கிறது தோட்டம். 16-ஆம் நூற்றாண்டில் ழான் தெ பொந்தாக் என்பவர் உருவாக்கியது. இன்று நகரம் வளர்ந்து நாலு பக்கமும் வீடுகள் வந்துவிட்டன. நடுவில் அந்தச் சரளை மேடு மட்டும் திராட்சைக் கொடியோடு அப்படியே நிற்கிறது. நம்ம ஊர் விவசாயி பார்த்தால் "இதுல என்னய்யா விளையும்?" என்று கேட்பார். வெறும் கூழாங்கல். தண்ணீர் நிற்காது. அதனால் கொடி வேரை ஆழமாக விடுகிறது. அங்கே அதுதான் நல்ல நிலம்.

பொந்தாக் குடும்பம் கெட்டிக்காரக் குடும்பம். மதுவை ஊர்ப் பெயரில் விற்ற அந்தக் காலத்திலேயே தோட்டத்தின் பெயரில் விற்றார்கள். 1663-ல் லண்டனில் சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் இதைக் குடித்ததாக எழுதி வைத்தார், பெயரை மட்டும் "ஹோ பிரயன்" என்று தப்பாக. 1666 தீ விபத்துக்குப் பிறகு அந்தக் குடும்பம் லண்டனிலேயே ஒரு விடுதியும் திறந்தது.

1855-ல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காகப் போர்தோ தரகர்கள் மதுக்களை விலைப்படி தரம் பிரித்தார்கள். முதல் தரத்தில் வந்தவை நான்கே: லாஃபீத், லாத்தூர், மார்கோ, ஓ பிரியோன். முதல் மூன்றும் மெதோக் பகுதி. வெளியிலிருந்து இடம் பிடித்த ஒரே சிவப்பு மது ஓ பிரியோன். ஐந்தாவதாக மூத்தோன் ரோத்ஷீல்ட் சேர 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1935-ல் கிளாரன்ஸ் டில்லன் என்ற அமெரிக்க வங்கியாளர் ஓ பிரியோனை வாங்கினார். இன்றும் அவர் வாரிசுகளிடம்தான் இருக்கிறது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு பழைய தோட்டம் 1961-ல் ஒரு காரியம் செய்தது. பரம்பரை மரத் தொட்டிகளை எடுத்துவிட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டிகளை வைத்தது. முதல் தரத் தோட்டங்களில் முதலில் செய்தது இதுதான். லாத்தூர் 1964-ல்தான் பின்தொடர்ந்தது. பால்காரர்களும் பீர் ஆலைகளும் பயன்படுத்துகிற பாத்திரத்தில் பெரிய வீட்டு மதுவா என்று எத்தனை பேருக்கு மனம் சுளித்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

ஏன் செய்தார்கள்? வெயில் காலத்தில் இட்லி மாவு சீக்கிரம் புளித்துவிடும் என்று பாத்திரத்தைத் தண்ணீரில் வைப்பார்களே அம்மா, அதே காரணம்தான். திராட்சைச் சாற்றில் லிட்டருக்கு 200 கிராம் அளவுக்குச் சர்க்கரை. ஈஸ்ட் அதை ஆல்கஹாலாக மாற்றும்போது சூடு கிளம்பும். அது வெளியே போகாவிட்டால் சுமார் 25 டிகிரி ஏறும். 20 டிகிரியில் ஆரம்பித்தால் 45-க்குப் போய்விடும். (மாணவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள்.) 35-ஐத் தாண்டினாலே ஈஸ்ட் தள்ளாடும். நொதித்தல் பாதியில் நின்றால் மிச்சச் சர்க்கரையில் பாக்டீரியா புகுந்து காடியாக்கிவிடும். மரம் சூட்டை விடாது. ஸ்டீல் அதைவிட எண்பது, நூறு மடங்கு கடத்தும். வெளிச்சுவரில் குளிர்ந்த தண்ணீர் ஓடவிட்டாலே போதும்.

எதை மாற்றவில்லை என்பதையும் பாருங்கள். அறுவடை இன்றும் கையால்தான். நொதித்த பின் ஊற வைப்பது இன்றும் ஓக் மரப் பீப்பாயில்தான். மரம் வாசம் சேர்க்கிற இடத்தில் மரம் இருந்தது. சூட்டைத் தேக்கிய இடத்தில் மட்டும் போனது. முடிவு செய்தவர்கள் வெளியூர் ஆலோசகர்கள் அல்ல. தோட்டத்தைத் தலைமுறையாக நிர்வகித்த தெல்மாஸ் குடும்பத்தார். அப்பா ஜார்ஜ், மகன் ழான் பெர்னார். 1961-ல் போர்தோவில் விளைச்சல் குறைவு, தரமோ உச்சம். அந்த வருஷத்து ஓ பிரியோனை இன்றும் கொண்டாடுகிறார்கள். புகழை ஸ்டீலுக்குக் கொடுக்க மாட்டேன், வருஷமே நல்ல வருஷம். ஸ்டீல் அதைக் கெடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இதை நான் புரிந்துகொண்டது ஒரு நஷ்டத்தில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பால் ஆலையில் தயிருக்குப் புதுத் தொட்டியும் தானியங்கிக் கட்டுப்பாடும் வைத்தேன். அங்கே ஒரு பெரியவர். தொட்டியில் கையை வைத்து "இன்னும் அரை மணி" என்பார். "ஐயா, இனிமே மீட்டர் பாத்துக்கும்" என்று ஒதுக்கி வைத்தேன். மூன்றாம் நாள் மொத்தத் தயிரும் சாக்கடையில். மீட்டர் சரி. சென்சார் வைத்த இடம் தப்பு. மேலே ஒரு சூடு, அடியில் ஒரு சூடு. திராட்சைத் தொட்டியிலும் அப்படித்தான்: தோல்கள் மிதந்து மேலே ஆடைபோல் கட்டும், அங்கேதான் சூடு அதிகம். அதனால்தான் அடிச் சாற்றை எடுத்து மேலே ஊற்றுகிறார்கள். தெல்மாஸ் குடும்பத்துக்குத் தொட்டியும் தெரியும், உள்ளே இருப்பதும் தெரியும். எனக்குத் தொட்டி மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் வெட்கத்தை விட்டு அந்தப் பெரியவரிடம் போனேன். ஒன்றும் சொல்லவில்லை. சாக்பீஸ் எடுத்துத் தொட்டியில் ஒரு கோடு போட்டார். சென்சாரை அங்கே மாற்றினோம். அப்புறம் ஒரு தயிரும் கெடவில்லை.

தம்பிகளே, தங்கைகளே! புது இயந்திரத்தோடு பழைய ஆலைக்குள் நீங்களும் நுழைவீர்கள். தைரியமாக மாற்றுங்கள், நானூறு வருஷத் தோட்டமே மாற்றியது. ஆனால் முதல் நாள் அங்கே இருக்கிற பெரியவர் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள்.