பருத்தித்துறையை நடந்து பார்ப்போம்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விடுமுறைக்கு வரும் நாம் பிள்ளைகளை நல்லூருக்கும் யாழ்ப்பாணக் கோட்டைக்கும் தவறாமல் கூட்டிச் செல்கிறோம். நாம் படித்த பருத்தித்துறையை மட்டும் வாகனத்துக்குள் இருந்தபடியே காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். இது நடந்து பார்க்கவேண்டிய ஊர்.

பருத்தி ஏற்றிய துறை என்பதால் வந்தது நம் ஊர்ப்பெயர் என்பர். போர்த்துக்கேயர் இதைப் 'பாறைமுனை' என்ற பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். அதுவே ஆங்கிலத்தில் 'பொயின்ற் பெட்றோ' ஆயிற்று.

தும்பளை வீதியில் தெருமூடிமடம் இருக்கிறது. வீதிக்கு மேலே கூரை. இருபுறமும் கல்தூண்களும் திண்ணைகளும். சுமையோடு வந்தவர்கள் இன்னார் என்று கேட்கப்படாமல் இளைப்பாறிய இடம். இன்றும் அதன் கீழால்தான் போய்வருகிறோம்.

ஓடக்கரை என்றால் வடை. உளுந்து, கோதுமை மா, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகம் சேர்த்து மெல்லியதாய்த் தட்டிப் பொரிப்பது. பல நாள் கெடாது. அதனால்தான் உங்கள் பெட்டிகளில் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போகிறது. அதைத் தட்டும் கைகளையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

கடற்கரையில் 1916இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது. 2004இல் ஆழிப்பேரலை பல உயிர்களைக் கொண்டுபோனதும் இந்தக் கரையில்தான்.

தென்கிழக்கே வல்லிபுரம். புரட்டாதியில் ஆழ்வார் தீர்த்தமாடக் கடலுக்கு எழுந்தருளுவார். வசப மன்னன் காலத்துப் பொற்சாசனம் 1936இல் வெளிவந்ததும் இந்த மணலிலிருந்துதான்.

சகோதரிகளே, இடப்பெயர்வுகளில் இங்கிருந்த வீடுகள் பலவற்றின் படப்பெட்டிகள் அழிந்தன. அக்காலத்தில் கடிதத்தோடு உங்களுக்கு அனுப்பிய படங்கள் உங்களிடம் தப்பியிருக்கலாம். சந்தையோ, மடமோ, கடற்கரையோ, நம் வகுப்போ தெரியும் படமிருந்தால், பின்புறத்தில் இடத்தையும் ஆண்டையும் நிற்பவர் பெயரையும் எழுதி, ஒரு பிரதியைப் பாடசாலை நூலகத்துக்குத் தாருங்கள். பெயர் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதைச் செய்யவேண்டும்.

அடுத்த முறை வரும்போது ஒரு காலைப்பொழுதை இந்த ஊருக்கு ஒதுக்குங்கள். வெயில் ஏறுமுன் புறப்படுவோம். களைத்தால் இருக்க மடத்துத் திண்ணை உண்டு.