சுவர் கறுத்தால் வெட்கப்படாதீர்கள்

(அலுவிகாரையில் கூடிய தோட்டக் குடும்பங்களுக்கு நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். பொங்கல் வருமுன்னே காம்பரா மூலையெல்லாம் மறுபடி கறுத்துப் போகிறது. "என்ன அடிச்சாலும் நிக்க மாட்டேங்குதே ஐயா" என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. ஐப்பசி முதல் மார்கழி வரை மாத்தளைப் பக்கம் மழை விடாது. அந்த ஈரத்தில் வளர்வதுதான் பூஞ்சணம். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இதைப் பங்கசு என்று போட்டிருக்கும்.

ஒரு காலத்தில் நானும், "வீட்டைத் துப்புரவாக வைக்கிறதில்லை" என்று உங்களைக் கடிந்திருக்கிறேன். அது என் தவறு. ஒரு லயத்தில் ஒரு தாய் என்னைக் கண்டதும் கறுத்த சுவரைச் சேலை போட்டு மறைத்தார். அவருடைய மூன்று வயதுப் பிள்ளை இழுப்போடு படுத்திருந்தது. அண்ணாந்து பார்த்தால் தகரத்தில் ஆணி ஓட்டை. பின்சுவர் ஓரம் தண்ணீர் போகக் கான் இல்லை. அந்தத் தாய் என்ன செய்வார்?

ஈர வீட்டில் இருப்பவர்களுக்கு இருமலும் இழுப்பும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் அறிவுறுத்தியது. கைக்குழந்தை, வயதானவர், ஆஸ்துமாக்காரர், முன்பு காசநோய் வந்து நெஞ்சு பழுதானவர் ஆகியோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ரோச்டேல் நகரத்து வாடகை வீடொன்றில் 2020இல் இரண்டு வயதுப் பிள்ளை இறந்தது. வீட்டுப் பூஞ்சணமே காரணம் என்று 2022இல் மரண விசாரணையில் தீர்ப்பானது. பழுதைப் பற்றிப் பெற்றோர் பல முறை முறையிட்டும் சரி செய்து கொடுக்கப்படவில்லை. அந்தப் பிள்ளையின் பேரால் 2023இல் அங்கே சட்டமே வந்தது.

துடைக்கும் முறையைக் கேளுங்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள். மூக்கு வாயை மூடிக் கட்டுங்கள், கையுறை போடுங்கள். இழுப்பு உள்ளவர் இந்த வேலை செய்யக் கூடாது. காய்ந்தபடி சுரண்டினால் பூஞ்சணத் தூள் பறந்து நெஞ்சுக்குள் போகும். சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். வெளுப்புத் திரவம் பாவித்தால், அதோடு கழிவறை கழுவும் அசிட்டையோ வினாகிரியையோ கலக்கவே வேண்டாம். நச்சு வாயு கிளம்பும். அஸ்பெஸ்டஸ் கூரையைச் சுரண்டாதீர்கள், அந்தத் தூளும் ஆபத்து. சாம்பிராணி போட்டால் வாடைதான் மறையும். அதன் புகையும் அடுப்புப் புகையும் இழுப்பைக் கூட்டும்.

நனைந்த கம்பளி, படங்கு, விறகு ஆகியவற்றைப் படுக்கும் காம்பராவில் வைக்காமல் இஸ்தோப்பில் போடுங்கள். பெட்டி, அல்மாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வையுங்கள். வெயில் கண்ட நாளில் பாய், தலையணையைக் காயப் போடுங்கள்.

இவ்வளவு செய்தும், தண்ணீர் வரும் வழி அடைபடாவிட்டால் பூஞ்சணம் திரும்ப வரும். ஒழுகும் கூரை, உடைந்த பீலி, அடைபட்ட கான் எதுவானாலும் தோட்ட ஆபீசுக்கு எழுத்தில் கொடுங்கள். திகதி போட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். லயத்தார் எல்லாரும் சேர்ந்து கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது. எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

பிள்ளைக்கு இருமல் நீடித்தால் மருந்துச்சாலையில், "எங்க சுவர் கறுத்திருக்கு" என்பதையும் சொல்லுங்கள். விலா உள்வாங்க மூச்சு இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால், விடியும்வரை காத்திராமல் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இந்த அலுவிகாரையில்தான் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி திரிபிடகத்தை ஓலையில் எழுதினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஈரம் ஏறினால் ஏடு கெடும் என்று ஓலையை அவித்து, காயவைத்து, எண்ணெய் தடவிப் பாதுகாத்தார்கள். ஏட்டுக்கே அவ்வளவு கவனம் என்றால், நம் பிள்ளைகளின் நெஞ்சுக்கு எவ்வளவு வேண்டும்!

இனி நான் லயத்துக்கு வரும்போது சுவரை மறைக்காதீர்கள். "இந்தா பாருங்க ஐயா" என்று காட்டுங்கள்.